ஜோஸ்பின் கேட்ட அளவு

எங்கள் தாராவி பட்டறையில் நீச்சலுடை தைப்பவள் ஜோஸ்பின். போன வருடம் எங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனி ஆன்லைனில் விற்றதில் பாதி, அளவு சேராமல் திரும்பி வந்தது. இந்த முறையும் வந்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும். புது விற்பனைப் பக்கத்தை வடிவமைக்கும் லிசா, அதைப் போனில் காட்டினாள். வாங்குபவரிடம் அது மார்பளவும் இடுப்பளவும் மட்டும் கேட்டது.

"ஏ பிள்ள, உடம்பு நீளம் எங்க?" என்றாள் ஜோஸ்பின். டேப்பை லிசாவின் தோளில் வைத்து, கவட்டை வழியாக முதுகில் ஏற்றித் தோளிலேயே முடித்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"நெட்டப் பொம்பள போட்டா தோள அறுக்கும்லா?"

"யாருமே சொல்லலியே ஆன்ட்டி!"

"நீ கேட்டியா?"

லிசா அந்த அளவையும் பக்கத்தில் சேர்த்தாள். விற்பனை தொடங்கி ஒரு மாதத்தில் ஆறுதான் திரும்பின. ஆர்டர் எங்களிடமே நின்றது.

"ஆறும் கலர் பிடிக்கலைன்னுதான் வந்துச்சாம்," என்றேன்.

"கலருக்கு நான் என்ன செய்ய?" என்று சிரித்தபடி மிஷினை ஓட்டினாள்.