அத்தான் மனதில் வைத்திருந்த பாட்டுகள்

"அதில்ல" என்பதுதான் அத்தானுக்கு மிஞ்சிய ஒரே சொல். மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்து, அக்காவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, வாயைக் கோணலாகத் திறந்து அதைத்தான் முதலில் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று அக்கா கேட்டிருந்தாள். வேண்டாம் என்கிறார் என நினைத்துத் தம்ளரைப் பின்னுக்கு இழுத்தாள். அவர் இடது கையால் எட்டி அதைப் பிடித்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். பாதி சட்டையில் வழிந்தது. குடித்து முடித்து மூச்சு வாங்கியபடி மறுபடியும் "அதில்ல" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்லும் அதே கனத்த குரல்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரியும். அவர் நினைப்பதும் தெளிவாகவே இருக்கலாம். வெளியே வரும் வழிதான் கெட்டுப்போயிற்று. சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதுவே வரும் என்றார். "தலையை ஆட்டுறத நம்பாதீங்க. ஆமாங்கிறதுக்கும் இல்லங்கிறதுக்கும் மாறி ஆட்டுவார்." அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "அப்போ எதை நம்பணும்ணு கேளு மக்கா" என்றாள். டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. அத்தானுக்குக் குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் சாலையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. உள்ளே நுழைந்தால் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் புளித்த வாடை மூக்கில் ஏறும். அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்து அவர் அறிவியல் கதைகள் எழுதினார். அதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிற்றிதழ்களில் இரண்டு மூன்று வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் அவருக்குப் பின்வரிசையில் உட்காருபவர்கள், "ராக்கெட் எப்போ கிளம்புது?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "பெட்ரோலுக்குச் சொல்லியிருக்கேன்" என்பார்.

அவருடைய கடைசிக் கதை ஒரு கப்பலைப் பற்றியது. நட்சத்திரங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் கப்பல். அதில் பிறந்து அதிலேயே சாகிறவர்கள் யாரும் மழையைக் கண்டதில்லை. தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்குப் பழைய ஒலிப்பதிவு ஒன்று கிடைக்கிறது. சடசடவென்று ஒரு சத்தம். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பயந்து காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கடைசியில் அவள், சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கப்படும் அந்தத் தண்ணீரை, தண்டனைக்குத் துணிந்து, பெரிய கூடத்தின் கூரைக் குழாய்களைத் திறந்து பிள்ளைகள் தலையில் கொட்டவிடுகிறாள். எங்களூர் நூலகத்தின் வாசகர் வட்டம் அந்தக் கதையை ஆண்டு விழாவில் வாசிக்கக் கேட்டது. அத்தான் ஒரு நிபந்தனை போட்டார். வாசிப்புக்கு இடையிடையே பாட்டு வரவேண்டும். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்பதை அவர்தான் சொல்வார்.

அதற்குத்தான் என் கடைக்கு வந்தார். அதே சாலையில் நான் செல்போன் கடை வைத்திருந்தேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் அன்று முக்கிய வியாபாரம். தமிழ், மலையாளம், ஜெபப் பாட்டு, பக்திப் பாட்டு என்று கம்ப்யூட்டர் நிறைய அடைத்து வைத்திருந்தேன். நட்சத்திரக் கதை என்றதும் நானாகவே கீபோர்டு இசையாக நாலைந்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் காதைக் குடைந்தார்.

"விண்வெளிண்ணா கீ கீண்ணு கத்தணும்ணு உனக்கு எந்த மடையன் செல்லித் தந்தான்? அந்தக் கப்பல்ல போறது நம்ம ஆளுவதாம்ல. கல்யாண வீட்டுப் பாட்டையும் சாவு வீட்டுப் பாட்டையும் கூடக் கொண்டுதான் போவாவ."

"அப்போ என்ன பாட்டுண்ணு செல்லுங்க அத்தான், எடுத்து வைக்கேன்."

"எல்லாம் மண்டையில இருக்கு. இப்போ சென்னா நீ உனக்க அபிப்பிராயத்தைச் செல்லுவ. திங்கக்கெழமை வாறேன். ஒரே இருப்புல இருந்து முடிச்சிரலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது விழுந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அவருடைய மகள்தான் ஒரு மதியம் அந்தக் கதையை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். அப்போது அவள் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசிக்கிற ஆள், சும்மா விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறாரே என்ற ஆதங்கத்தில் வாசித்தாள். கப்பல் பூமியை விட்டுக் கிளம்பும் பத்தி முடிந்ததும் அத்தான் இடது கையை மெல்லத் தூக்கினார். அவள் நிறுத்தினாள். அவர் கையை இறக்கவில்லை, காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறக்கினார். மறுபடி வாசித்தாள். குழாய்க்காரி தனியாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் திரும்பவும் கை உயர்ந்தது. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு போன் செய்து மூச்சிரைக்க, "மாமா, எங்க பாட்டு வரணும்ணு அப்பா காட்டுதாவ. உடனே வாங்க" என்றாள்.

கடைக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் அவள் அதே கதையை வாசித்தபோது அதே இடங்களில் கை உயர்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் மூவருக்கும் வந்த சந்தோசம் கொஞ்சமல்ல. ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார், கதையும் பாட்டும் உள்ளே இருக்கின்றன, எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். நான் ஒரு பாட்டைப் போட்டேன். "அதில்ல" என்றார். அடுத்ததைப் போட்டேன். "அதில்ல." அன்று பொழுது சாயும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் போல அப்படி நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு நேராக அங்கே போவேன். முதலில் அவர் சொல்வதை மறுப்பாக எடுத்துக்கொண்டு பாட்டுகளைத் தள்ளினோம். பிறகு ஒருநாள் கஞ்சியை விரும்பிக் குடித்துக்கொண்டே அவர் "அதில்ல, அதில்ல" என்று சொல்வதைக் கண்டு, தள்ளிய பாட்டுகளில் சரியானதும் போயிருக்குமே என்ற பயம் வந்து, முதலிலிருந்து தொடங்கினோம். குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தோம். முகத்தைக் கவனித்தோம். கையைப் பிடித்து, "சரியாண்ணா அமுக்குங்க" என்றாள் அக்கா. எல்லாப் பாட்டுக்கும் அமுக்கினார். சில சமயம் எங்கள் பாட்டைத் தாண்டி வேறெதையோ வாயில் கொண்டுவர முயல்வார். கழுத்து நரம்பு புடைக்கும், உதடு குவியும், அவருக்கே நம்பிக்கை வந்ததுபோல் கண் விரியும். வெளியே வருவது அந்த ஒரே சொல். அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நேராகப் பார்க்க முடியாமல் நான் திரையில் எதையாவது தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

அவரால் சொல்ல முடியாது என்பது தெளிவாகத் தெளிவாக எங்களுக்குள் சண்டை வந்தது. "அவியளுக்கு என்ன பிடிக்கும்ணு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. கல்யாணமான புதிதில் பைக்கில் அவளை உட்காரவைத்துக்கொண்டு அவர் பாடிய சினிமாப் பாட்டுகளைச் சொன்னாள். மகளோ, வார்த்தையே இல்லாத வயலின் போதும், அப்பாவின் கதைக்கு வேறு யார் வார்த்தையும் வேண்டாம் என்றாள். கடையில் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. குழாய்க்காரி தனியாக இருக்கும் இடத்துக்குச் சபையில் அடக்க ஆராதனையில் பாடும் பாட்டு ஒன்றை வைக்கலாம் என்றேன். அக்கா கையிலிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தாள்.

"உயிரோட கெடக்குத மனுசனுக்க முன்னால சாவு வீட்டுப் பாட்டு போடுவியா நீ?"

"அவிய சென்னதுதான் அக்கா."

"செல்லும்போ நல்லா இருந்தாவ. இப்போ செல்லச் செல்லு பாப்போம்."

அத்தான் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அதில்ல" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றாள். "நான் சென்னதைத்தான் வேண்டாங்குதாவளா, நீ சென்னதையா?" என்று கேட்க வாயெடுத்தேன். சண்டையை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவருடைய கதைக்கு அவருக்கு முன்னாலேயே நாங்கள் ஆளுக்கொரு பாட்டைப் பங்குவைத்துக்கொண்டிருந்தோம்.

வாசகர் வட்டச் செயலாளர் விழாவைத் தள்ளி வைத்திருந்தார். மேலும் தள்ள முடியாத நிலையில் வீட்டுக்கு வந்து, "பாட்டில்லாம வாசிச்சிரலாமா?" என்று கேட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டோடுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார், பாட்டோடுதான் என்றாள். கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். கப்பல் கிளம்பும்போது ஒரு கல்யாண வீட்டுப் பாட்டு, குழாய்க்காரிக்கு வயலின், மழை கொட்டும் இடத்துக்கு அக்காவின் பைக் பாட்டு.

நூலகக் கூடத்தில் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் அவரை உட்காரவைத்தோம். வெள்ளைச் சட்டை, மீசை ஒதுக்கி, தலைக்கு எண்ணெய் வைத்து அக்கா கூட்டிவந்திருந்தாள். ராக்கெட் கேட்டுக் கேலி செய்தவர்களும் வந்திருந்தார்கள். மகள் வாசித்தாள். நான் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை உயரும்போது பாட்டைப் போட்டேன். முதல் இரண்டுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலை குனிந்திருந்தார். மழை வந்தது. பிள்ளைகள் முதலில் அலறி, பிறகு நனைந்து, பிறகு வாயைத் திறந்து அண்ணாந்து நிற்கும் இடம். கை உயர்ந்தது. அக்காவின் பாட்டு தொடங்கியது. முதல் அடி முடிவதற்குள் அத்தான் கூடம் முழுக்கக் கேட்கும்படி "அதில்ல" என்றார். "அதில்ல, அதில்ல, அதில்ல." கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. நாற்காலியின் கைப்பிடியில் இடது கையால் அடித்தார். அது தாளமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டை நிறுத்துவதா விடுவதா என்றும் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு தானாக முடியும்வரை ஓடியது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். செயலாளர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாருக்கு மனசு நெறஞ்சு போச்சு" என்றார்.

திரும்பும் வண்டியில் அத்தான் தூங்கிவிட்டார். அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டே, "அவியளுக்குப் பிடிச்சுதா, பிடிக்கல்லியா மக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றோ இரண்டோ வருடம் போயிருக்கும். பக்கத்து வளவில் புது வீட்டுப் பால்காய்ச்சு. காலையிலிருந்தே மைக்செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அக்கா அடுக்களையில் மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பியபோது, முன்னறையில் அத்தானின் இடது கை நிமிர்ந்து நிற்பதைக் கண்டாள். என்னவோ வேண்டுமென்று கூப்பிடுகிறார் என நினைத்து மிக்சியை நிறுத்தினாள். அப்போதுதான் வெளியே ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்குவது காதில் விழுந்தது. கை இறங்கிவிட்டிருந்தது. அக்கா செருப்பு போடாமல், அரைத்த கையோடு ஓடினாளாம். "இப்போ என்ன பாட்டு போட்டீங்க? இதுக்கு முன்னால? முன்னால போட்டது?" மைக்செட்காரருக்குத் தெரியவில்லை. பென்டிரைவைச் செருகிவிட்டு அவர் சாப்பிடப் போயிருந்தார். அது கண்டபடி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பந்தலில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். யாரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அந்தப் பென்டிரைவை வாங்கிவந்தேன். நூற்றுக்கணக்கில் பாட்டு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவருக்குப் போட்டோம். ஒன்றுக்கும் கை உயரவில்லை. முதல் நாள் ஆவலாகக் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று காக்கையை விரட்டக்கூடக் கையைத் தூக்கியிருக்கலாம் என்று நான் அக்காவிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான்.

அடுத்த ஆண்டு இரண்டாவது அடைப்பு வந்து அத்தான் போய்ச் சேர்ந்தார். வீட்டில் சபையார் கூடி அடக்கப் பாட்டுகளைப் பாடினார்கள். அழுகைக்கு நடுவே, புதிய பாட்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் மகளும் பார்த்தாள்.

இப்போது என் கடையில் யாரும் பாட்டு ஏற்ற வருவதில்லை. எல்லோர் கையிலும் எல்லாப் பாட்டும் இருக்கிறது. கவரும் சார்ஜரும் விற்கிறேன். அக்காவைச் சபைக்கோ ஆஸ்பத்திரிக்கோ காரில் கூட்டிப் போகும்போது பாட்டு ஓடும். பிடிக்காத பாட்டு வந்தால் மாற்றிவிடுவது என் பழக்கம். அவள் விடமாட்டாள். எவ்வளவு மோசமான பாட்டாக இருந்தாலும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். போன வாரம் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் ஏதோ ஒரு புதுப் படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வெறும் இரைச்சல். நான் சாவியைத் திருப்பப் போனேன்.

"முடியட்டும் மக்கா" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.