காதுக்காரரும் செத்துப்போன ட்ரான்ஸும்

"இருங்க, இன்னும் பதினாறு தட்டு பாக்கி" என்று ஹெட்போனை மாட்டியபடியே காதுக்காரர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். மேசையில் தொலைபேசி அலறும். வாசலில் ஆள் நிற்பார். எதற்கும் அசைய மாட்டார். பாட்டில் நின்றிருந்த முரசு மறுபடி வந்து விழுந்து, தலை நாலு முறை ஆடிய பிறகுதான் ஹெட்போனைக் கழற்றுவார். "ம், சொல்லுங்க. எந்தக் காது?"

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர் காது பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். வயது ஐம்பத்துநாலு. மாடி முழுக்க அவருக்குக் காதுக்காரர் என்றே பேர். பக்கத்து அறையில் நான் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். ஆள் வராத நேரத்தில் ஒலிபெருக்கியிலேயே போட்டுவிடுவார். அதனால் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யாரும் கேட்காமலே பன்னிரண்டு வருடமாக ட்ரான்ஸ் கேட்டுவருகிறேன்.

ட்ரான்ஸ் என்பது ஆட்டக்கூடங்களுக்காகக் கணினியில் செய்யும் இசை. முரசு ஒரே சீராக அடிக்கும். நடுவில் அது நின்றுபோய் மெட்டு மட்டும் மிதக்கும். பிறகு மெல்ல மெல்ல ஏறி, முரசு மறுபடி விழும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை ஒருமுறை அவரிடமே சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது அப்லிஃப்டிங்ங்கிற வகை மட்டும், சார். ப்ரொக்ரெசிவ்ல ஏறுறதே தெரியாம ஏறும். சைட்ரான்ஸ்ல மெட்டைத் தேடினா கிடைக்காது, தேடவும் கூடாது. எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டினா எப்படி?"

எதைப் பார்த்தாலும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணிவிடுவார். மின்விசிறியின் கடகடப்பு, மாடிப்படியில் ஏறுகிறவரின் செருப்பு, எதுவும் தப்பாது. என் தட்டச்சை ஒருநாள் சுவர் வழியாக எண்ணி, நூற்று இருபத்தெட்டு என்று தீர்ப்புச் சொன்னார். "ப்ரொக்ரெசிவ், சார். நல்ல வேகம். விட்டுடாதீங்க." அன்றிலிருந்து தட்டச்சு செய்யவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவரும் அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து இணையத்தில் ஒரு ட்ரான்ஸ் குழு நடத்துகிறார்கள். நானூறு பேர் இருக்கிறார்கள். பாட்டைப் பகிர்கிறவர் அது என்ன வகை என்று எழுதியே ஆகவேண்டும். வகை தப்பினால் பாட்டுப் போகும், இரண்டாம் முறை தப்பினால் ஆளே போவார். ஒரு அப்பாவி, "வகை தெரியலீங்க, கேக்க நல்லா இருந்துச்சு" என்று எழுதினார். அத்தோடு அவர் கதை முடிந்தது.

மைத்துனர் பேக்கரி வைத்திருக்கிறார். மாவு பிசையும் இயந்திரத்துக்கு மேலேயே ஒலிபெருக்கியை மாட்டியிருப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, பெண்ணிடம் பேசியதைவிடத் தம்பியின் இசைத்தட்டு அலமாரி முன்னால் நின்ற நேரம்தான் அதிகம் என்று காதுக்காரரின் மனைவி இன்றும் குத்திக்காட்டுகிறார். மச்சானுக்கும் மைத்துனருக்கும் சண்டை புதிதல்ல. ஆனால் அதுவரை வகையைப் பற்றி இருந்த சண்டை போன வருடம் தரத்தைப் பற்றியதாக மாறியது. அங்கேதான் வினை.

"இப்ப வர்ற பாட்டுல மேல ஒண்ணுமே இல்லடா. முன்னல்லாம் உச்சியில ஒரு மினுமினுப்பு இருக்கும், பொடி மணலைத் தூவின மாதிரி. இப்ப கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிக்கிறானுங்க. ட்ரான்ஸ் செத்துப்போச்சு."

"எல்லாம் இருக்கு மச்சான். நல்லாக் கேளுங்க."

"யார்கிட்ட சொல்ற? நான் காதை வெச்சே சோறு திங்கிறவன்."

பழைய பாட்டுகளிலாவது அந்த மினுமினுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "அதையும் கெடுத்துட்டானுங்க, சார். திரும்பப் பதியுறோம்னு சொல்லி மழுங்கடிச்சிட்டானுங்க" என்றார். உலகமே கூடி அவருக்கு எதிராகச் சதி செய்வதுபோல் இருந்தது.

போன வாரம் குழுவில் காதுக்காரரின் அறிவிப்பு வந்தது. மைத்துனர் மெச்சிய புதுப் பாட்டு தரமற்றது, ட்ரான்ஸே அல்ல என்று சனிக்கிழமைக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம். மைத்துனர் பதில் எழுதவில்லை. மனைவிதான் பேசினார்: "அவனை நீக்கினா, நீங்க வீட்டுக்கு வரும்போது சோத்துக்கு ஒரு வகை எழுதி எடுத்துட்டு வாங்க. பிடிச்சிருந்தா போடுறேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமாகவும் இருந்தது. முப்பது வருடச் சிநேகம், ஒரு ஆறு நிமிடப் பாட்டில் போகப்பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார். "சார், உங்க காது கொஞ்சம் வேணும்." தினமும் கடை திறந்ததும் பரிசோதனை இயந்திரத்தின் ஒவ்வொரு சுருதியையும் தாமே கேட்டுச் சரிபார்ப்பது அவர் வழக்கம். மேல் சுருதிகள் வரவில்லையாம். பழுது பார்க்கிறவர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்து, ஒன்றும் பழுதில்லை என்று சொல்லிப் போயிருக்கிறார். "எல்லாரும் ஏமாத்துறானுங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். ஊசிபோல ஒரு கீச்சு, தெளிவாகக் கேட்டது. வரவேற்பில் இருக்கும் பெண்ணும் கேட்டாள். "நல்லாத்தானே வருது, சார்." அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். அந்தப் பெண் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அவள் தொடங்குவதற்குள் இவர் டக் டக்கென்று அழுத்தத் தொடங்கினார்.

"சார், நான் இன்னும் ஒண்ணுமே போடல."

"சரி சரி, போடு."

முடிந்ததும் வரைபடம் வந்தது. பாதிவரை சமமாக வந்த கோடு, அப்புறம் மேல் சுருதிகளில் மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியது. இடது காது மட்டும் கொஞ்சம் தேவலை. "இந்த வயசுல இது சகஜம், சார். முடி நரைக்கிற மாதிரிதான்" என்றாள் அந்தப் பெண். அவர் எல்லோருக்கும் சொல்வதை அப்படியே சொன்னாள், பாவம். "அது பேஷண்ட்டுக்குச் சொல்றதும்மா" என்றார். குரல் எழும்பவில்லை. அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

வரைபடத்தைக் கையில் வைத்தபடியே மைத்துனரை அழைத்தார். எடுத்த எடுப்பிலேயே, மாவு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் அந்தக் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

"நீக்குறதா இருந்தா நீக்கிக்குங்க மச்சான். பொய் சொல்ல என்னால முடியாது."

"அதை விடுடா. அந்தப் பாட்டுல முரசு நிக்கிற எடத்துல, மேல என்னமோ இருக்குன்னியே. என்ன இருக்கு?"

இயந்திரத்தை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இரைச்சல் அடங்கியது. "நீங்கதான் கேட்டீங்களே."

"கேட்டேன். எனக்குக் கேக்கலடா."

"ஃபோன்ல போட்டா அது வராதே மச்சான்."

"வாயால சொல்லு."

மைத்துனர் சீழ்க்கையடிக்கத் தொடங்கினார். நல்ல சீழ்க்கை இல்லை. சுருதி தப்பியது, பாதியில் மூச்சு வாங்கியது. வரவேற்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். காதுக்காரர் சிரிக்கவில்லை. இது என்ன வகை என்றும் கேட்கவில்லை.

"திரும்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டார்.