டம்ளரில் முளைத்த நெல்

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மழையில், அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார்.

முளைகட்டிய நெல்லை நாற்றங்காலில் தெளித்த மறுநாளே ஏரி நிரம்பி வழிந்து கோடி போய், வயலெல்லாம் தண்ணீர். விதைக்கென்று வைத்திருந்த நெல் மொத்தமும் அதில்தான் கிடந்தது. அது போனால் அந்தப் போகமே இல்லை, வீட்டுக்கு அரிசியும் கடையில்தான் வாங்க வேண்டும். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாயில் படுத்துவிட்டார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, முழம் இன்னா? எல்லாம் அழுகிடும், உடு."

எனக்கோ எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. மழையால் கம்பெனி பஸ்ஸும் வரவில்லை. விதைக் கோணியின் மூலையில் முளை விடாத நெல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பாதியை ஈரத்துணியில் மடித்து வைத்தேன். மீதியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன்.

"இன்னா, நெல்லுக்கு காப்பி குடுக்கிறியா?" என்றார்.

இரண்டு மூன்று நாளில், துணியில் இருந்தது வேரும் முளையுமாக ஒழுங்காக வந்தது. டம்ளரைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். வேரையே காணோம். வெள்ளை நூல் மாதிரி முளை மட்டும் மேல் நோக்கி நீண்டுகொண்டிருந்தது. காலூன்றாமல் இது எங்கே போகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றைத் தேடித்தான் போகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. வேரெல்லாம் அதற்குப் பிறகுதான் போலிருக்கிறது.

உடனே நாற்றங்காலுக்கு ஓடி, தண்ணீரில் கையை விட்டுத் துழாவினேன். அங்கேயும் அதே வெள்ளை நூல். கையில் அள்ளிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினேன்.

"செத்த வெத எங்கியாச்சும் வளருமா? எழுந்து வந்து வரப்ப வெட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் மண்வெட்டியை எடுத்தார். அதற்குள் ஏரியும் கொஞ்சம் அடங்கியிருந்ததால், தண்ணீர் மெல்ல வாய்க்காலில் இறங்கியது.

மேட்டுப் பக்கம் தண்ணீர் ஒரு சாண்தான் நின்றிருந்தது. அது சீக்கிரம் வடிந்து, சாய்ந்து கிடந்த முளைகள் வேர் பிடித்துப் பச்சை கட்டின. பள்ளத்துப் பக்கம் ஒரு முழம். அங்கே வடிவதற்குள் எல்லாம் போய்விட்டது, அள்ளினால் நாற்றம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்த நாற்று பாதி நிலத்துக்குக் காணும் என்று அவர்தான் தேற்றினார். அந்தப் பாதியை நட்டு, அந்த வருடச் சோற்றைச் சாப்பிட்டோம்.

இப்போதும் யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். எது மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்டாலும், எவ்வளவு ஆழம் என்று கையை விட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அந்த ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் நடுவில்தான் அன்றைக்கு எங்கள் வீட்டு அரிசி இருந்தது.