நைட் ஷிப்ட் முடித்து வந்த இயேசு

கடவுள் குறட்டை விட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். அதுவும் மைக்கில், ரெண்டு ஸ்பீக்கர் அலற, எதிரே முழு சபையும் உட்கார்ந்திருக்கும்போது.

கல்லைக் கீழே போடுங்கள், முழுசாகச் சொல்கிறேன். அன்றைக்கு இயேசுவாக நடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஃபிரேம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அப்போது நான் நாலாங்கிளாஸ். மாமாவிடம் ஒரே ஒரு அபூர்வத் திறமை உண்டு. எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். ஷேர் ஆட்டோவில் தூங்குவார், சலூன் நாற்காலியில் தூங்குவார், சர்ச்சில் தூங்குவதைக் கேட்கவே வேண்டாம். தட்டினால் எழ மாட்டார், தண்ணீர் தெளித்தால் துடைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார்.

எங்கள் சர்ச்சுக்குத் தகரக் கூரை, நாலு பக்கமும் பிளாட் போட்டுக் கல் நட்ட காலி நிலம். பாஸ்டர் அந்த வருஷம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பிரசங்கம் செய்தார். காரணம் டீக்கடையில் ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தை. "உங்க இயேசு ரொம்ப நல்ல மனுஷன்பா, அந்த மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்க" என்று அவர் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் பாஸ்டருக்கு டீ இறங்கவில்லை. 'நல்ல மனுஷன்' என்று முடித்துவிட்டால் எப்படி? அவர் மெய்யான கடவுள் ஆயிற்றே! அடுத்த ஞாயிறு ஆரம்பித்தார். பாவத்தை மன்னித்தார், அது கடவுளுக்கு மட்டுமே உள்ள உரிமை. கடல் மேல் நடந்தார், மனுஷன் நடப்பானா? செத்துப்போன லாசருவைக் கூப்பிட்டு எழுப்பினார். சரியாக லாசரு எழும் இடத்தில் கடைசி பெஞ்சில் மாமா சாய்ந்திருப்பார்.

"லாசருவை எழுப்பிட்டாரு," பாஸ்டர் ஒருநாள் மேடையிலிருந்தே கை நீட்டினார். "அதோ, நம்ம தம்பிய எழுப்புறதுக்கு ஆண்டவரே திரும்ப வந்தாதான் உண்டு."

சபையே சிரித்தது. ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. பாஸ்டரின் மகள், எங்கள் சண்டே ஸ்கூல் டீச்சர். டீச்சரும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்திருந்தது எங்கள் வீட்டுக்குத் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். அம்மா வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பேசிப் பார்த்தாள். பாஸ்டர் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார். பதிலாக ஒரு கண்டிஷன் கொடுத்தார்.

"எம் பிரசங்கத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை முழுசா முழிச்சிக்கினு ஒக்காரச் சொல்லும்மா. அப்புறம் பேசலாம்."

மாமா முயற்சி செய்தார், சத்தியமாக. கண்ணுக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டு போனார். கண்ணீர் வழிய வழியத் தூங்கினார். பக்கத்தில் இருந்த ஆயா, தம்பி மனந்திரும்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஜெபம் பண்ணியது.

இந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். சண்டே ஸ்கூல் வகுப்பில் டீச்சர் அந்தப் படகுக் கதையை எடுத்தார்கள். கடலில் புயல், சீஷர்கள் அலறுகிறார்கள், இயேசுவோ படகின் பின்னால் தலையணை போட்டுத் தூங்குகிறார். எழுப்பினால் காற்றையும் கடலையும் அதட்டி அடக்குகிறார்.

"டீச்சர், அவரு சாமிதானே? சாமி தூங்குமா? அது தூங்கிட்டா உலகத்த யாரு பாத்துக்குவாங்க?"

"அவரு கடவுள், மனுஷனாவும் வந்தாரு. மனுஷன்னா டயர்டு ஆவும்ல? நெஜமாவே தூங்குனாரு" என்றார்கள் டீச்சர்.

வாசலில் நின்றிருந்த பாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். "தூங்கல. கண்ண மூடிக்கினு இருந்தாரு. அவருக்கு எல்லாம் தெரியும். சீஷருங்க விசுவாசத்த சோதிச்சாரு."

"அப்பா, அப்போ அது நடிப்பா? ஆண்டவர் நடிச்சாருன்னு சொல்றீங்களா?"

பாஸ்டர் என்னை முறைத்தார். கேள்வி கேட்டது நான்தானே.

வீட்டுக்கு வந்து அதே கேள்வியை மாமாவிடம் போட்டேன். டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமலே சொன்னார்: "நான் தூங்குனா லைன் நின்னுடும், சூப்பர்வைசர் கத்துவான். அவரு தூங்குனாலும் லைன் ஓடும். அதாண்டி சாமி."

இதை அடுத்த வாரம் டீச்சரிடம் ஒப்பித்தேன். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கே சண்டே ஸ்கூல் விழாவுக்கு டிராமா முடிவானது. படகுக் கதை. இயேசு வேஷம் மாமாவுக்கு.

"அவனா?" என்றார் பாஸ்டர்.

"தாடி அவருக்குத்தாம்பா சொந்தமா இருக்குது."

"சரி. ஆனா கேட்டுக்கோ. கண்ண மூடிக்கினுதான் இருக்கணும், தூங்கக் கூடாது. ஆண்டவரோட தெய்வீகத்த பத்தி ஒரு வருஷமா பேசிக்கினு கீறேன். இவன் மேடையில தூங்கித் தொலச்சான்னா, அத்தோட நம்ம பேச்சும் முடிஞ்சுது."

ஆக, மாமாவின் கல்யாணம் ஒரு படகில் ஏறி உட்கார்ந்தது. அம்மா எனக்கு மையால் மீசை வரையும் போதெல்லாம் சொல்வாள்: "இது மட்டும் ஒழுங்கா நடந்தா டீச்சரே உனக்கு அத்தைடி." நான் சீஷர்களில் ஒருத்தி. மாமாவை எழுப்ப வேண்டிய கோஷ்டி.

படகை மாமாவே செய்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட பேக்கிங் மரப்பெட்டிகள். அவற்றின் மேல் குடை படம் போட்டிருந்தது, நனையக் கூடாது என்று அர்த்தமாம். கலிலேயாக் கடலில் நனையக் கூடாத படகு எங்களுடையது ஒன்றுதான். அலைக்கு நீலப் புடவைகள், இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிடித்து ஆட்ட வேண்டும். காற்றுக்குப் பந்தல்காரரிடம் வாங்கி வந்த ராட்சத ஃபேன். மாமா கையை உயர்த்தி அதட்டியதும் டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து ஃபேனை அணைப்பார்கள். ஒத்திகையில் மாமா பிரமாதப்படுத்தினார். ஒத்திகையெல்லாம் அவருக்கு லீவு நாளில் நடந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

விழா ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும். சனிக்கிழமை செகண்ட் ஷிப்ட் போன மாமா ஆராதனை முடிகிற வரைக்கும் வரவில்லை. அவரை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராததால் நைட்டும் சேர்த்து நிற்க வைத்துவிட்டார்களாம். அம்மா வாசலுக்கும் மேடைக்கும் நடையாய் நடந்தாள். கடைசியில் கம்பெனி பஸ் சர்ச் வாசலிலேயே அவரை இறக்கிவிட்டது. கண் இரண்டும் தக்காளி. யூனிஃபார்ம் மேலேயே அங்கியை மாட்டினார்கள். கீழே சேஃப்டி ஷூ தெரிந்தது. டீச்சர் காலர் மைக்கைக் குத்திவிட்டு மெல்லக் கேட்டார்கள்:

"முழிச்சிருப்பீங்கல்ல?"

"இன்னா இப்டி கேட்டுட்ட? நானு ஃபுல் ஃப்ரெஷ்ஷு."

படகில் தலையணையில் தலை பட்டது. அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

ஃபேன் சுற்றியது. புடவைகள் ஆடின. நாங்கள் "ஐயோ புயல்! ஐயோ புயல்!" என்று கத்தினோம். ஸ்பீக்கரில் கர்ர்ர் என்று ஒரு சத்தம் எழுந்தது. முதலில் எல்லோரும் அது கடல் என்றே நினைத்தார்கள்.

"இன்னாமா ஆக்ட் குடுக்குறான் பாரு, அப்டியே தத்ரூபமா கீது" என்று முன்வரிசையில் ஒரு அக்கா சொன்னது எனக்கே கேட்டது.

பேதுருவாக நடித்த பையன் வசனம் சொன்னான்: "ஆண்டவரே, எழுந்திருங்க! நாங்க மூழ்குறோம்!"

கர்ர்ர்.

"ஆண்டவரே!" தோளைப் பிடித்து ஆட்டினான். "ஆண்டவரே! அண்ணே... யண்ணே, எழுந்திருண்ணே, எல்லாரும் பாக்குறாங்க!"

மாமா புரண்டு படுத்தார். ரெண்டு ஸ்பீக்கரிலும் தெளிவாகச் சொன்னார்: "அடுத்த பீஸப் போடு."

சபை வெடித்தது. பாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் போன போக்கைப் பார்த்து என் மீசைக்குள் வியர்த்தது. அவர் விறுவிறுவென்று பக்கவாட்டுச் சுவரை நோக்கி நடந்தார். அம்மா கடைசி பெஞ்சில் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: அத்தை போச்சு.

எங்கள் வீட்டில் மாமாவை எழுப்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது, விட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். அதனால் மற்ற எந்தச் சத்தத்துக்கும் செத்துப்போயிருக்கும் அவர் காது, இந்த ஒன்றுக்கு மட்டும் உயிரோடு இருக்கும். அவர் முகத்துக்கு நேரே குனிந்து, காலர் மைக்கில் படும்படி கத்தினேன்:

"மாமா! பஸ் வந்துடுச்சு!"

மாமா எழுந்தார் என்று சொல்ல மாட்டேன், கிளம்பினார். படகில் நேராக நின்றார். கண்ணுக்கு முன்னால் பேய்க்காற்று, ஆடும் துணிகள், அலறும் பிள்ளைகள். எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. லைனில் எங்கேயோ எவன் கையோ மாட்டிக்கொண்டது போல ஒரு பதற்றத்தில், வலது கையை உயர்த்தி, வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்:

"ஏய்! நிறுத்து!"

நின்றது.

பந்தல்காரர் ஃபேன் மட்டும் நின்றிருந்தால் அது டீச்சர் வேலை என்று நினைத்திருப்பேன். கூரையில் சுற்றிய அத்தனை ஃபேனும் நின்றன. டியூப்லைட் போனது, ஸ்பீக்கர் செத்தது. புடவை பிடித்திருந்த பிள்ளைகள் பயந்து கையைக் கீழே விட, கடல் அப்படியே தரையில் படுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அங்கியோடு ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார்.

மாமா எங்களைப் பார்த்தார். பேதுரு நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். மனப்பாடம் செய்த வசனம் அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"ஏண்டா இவ்ளோ பயப்படுறீங்க? நான் இங்கதானேடா கீறேன்?" என்றார், மைக் இல்லாமல், மெதுவாக. கடைசி பெஞ்சுக்கும் கேட்டது என்று அம்மா பிறகு சொன்னாள்.

"அல்லேலூயா!" என்று ஆயா முதலில் அலறியது. பிறகு எல்லோரும். வேடிக்கை பார்க்க வந்த எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, மாரியம்மன் பக்தை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

நான் பாஸ்டரைத் தேடினேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கை மெயின் ஸ்விட்ச் கைப்பிடி மேலேயே இருந்தது. கரண்ட் போனதும், பாவம், என்னவென்று பார்க்க ஓடியிருக்கிறார் என்று நினைத்தேன். கரண்ட் போவதற்கு முன்பே அந்தப் பக்கம் நடந்தவர் அவர் என்பதைக் கூட்டிப் பார்க்கிற மூளை நாலாங்கிளாஸில் இல்லை. மானம் போனது போதும் என்று டிராமாவை நிறுத்த இழுத்திருக்கிறார். ஆனால் இப்போது சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. 'நான்தான் இழுத்தேன்' என்று எந்தப் பாஸ்டரால் சொல்ல முடியும்?

கைப்பிடியை விட்டார். வெள்ளை ஜிப்பாவில் கையைத் துடைத்தபடி படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மகளைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? நடிக்கல. நெஜமாவே தூங்குனாரு," என்றார். "நம்மள மாதிரியே அலுத்துப்போயி தூங்குனாரு. அவரே எழுந்து, 'நில்லு'ன்னா காத்து நிக்குது. ரெண்டும் ஒரே ஆளு. அலுப்பு தெரியாத சாமின்னா நம்ம அலுப்ப அது எப்டி அறியும்?"

டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். ஒரு வருஷப் பிரசங்கத்தில் பாஸ்டர் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பேசப் பேச அவருக்கே சூடு ஏறி, குரல் தகரத்தில் மோதியது. அந்த நேரம் பார்த்து, படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் தலை மறுபடியும் மெல்லச் சாய்ந்து தலையணைக்குப் போனது.

பாஸ்டர் பார்த்தார். நானும் பார்த்தேன். முடிந்தது கதை என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். குரலை மட்டும் இறக்கிக்கொண்டார், பக்கத்தில் இருப்பவருக்கே கஷ்டப்பட்டுக் கேட்கும் அளவுக்கு. பாவம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, என் தண்ணி பாட்டிலை எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். அவர் உதட்டில் விரல் வைத்து என்னை உட்காரச் சொன்னார்.

இத்தனை வருஷம் கழித்து, இதை அதே சர்ச்சின் பின் பெஞ்சிலிருந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாஸ்டர் பேசிக்கொண்டிருக்கிறார், அத்தை முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்கள் தோளில் மாமா தூங்குகிறார்.