அவள் குரலில் கறந்த பால்

இலங்கையில், அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகளில், அடுத்த காம்பராவில் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை. நான் கல்யாணமாகி அங்கே வந்த முதல் வாரம், அட்டை கடித்த என் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்துவிட்டவள் அவள். அந்த உறவு போதுமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹட்டனிலிருந்து ஒரு கன்னிமடத்து சிஸ்டர் வந்து, வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் தொட்டில்களுக்கு நடுவே எங்களை உட்காரவைத்துப் பேசினார். பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து குழுவானால் தொழில் செய்யக் கடன் தருவார்களாம். நகை கேட்கமாட்டார்கள், ஆம்பளைக் கையெழுத்தும் வேண்டாம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். முதலில் ஒருத்திக்குத்தான் கொடுப்பார்கள். அவள் ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்தவளுக்கு. நாங்கள் அக்காவை முதலில் நிறுத்தினோம். எனக்குத் தையல் மெஷின் வாங்க ஆசை. அது அவளுக்குப் பிறகு என்று முடிவாயிற்று.

அக்கா கன்றோடு ஒரு மாடு வாங்கினாள். என் காம்பராவின் பின்சுவரை ஒட்டித் தகரம் அடித்துப் பட்டி போட்டாள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அவள் பால் கறப்பது எனக்கு அடுப்படியில் கேட்கும். பாலை விட அவள் பேச்சுதான் அதிகம் கேட்கும். மாட்டிடம் அவள் ஓயாமல் பேசுவாள். "என்னாடி, இன்னக்கி மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? கோவமா? நா என்னா பண்ணட்டும், மழ விட்டாத்தான புல்லறுக்க முடியும்?" என்று மூக்கடைத்த மாதிரியான குரலில், ஒவ்வொரு பேச்சின் முடிவையும் இழுத்து இழுத்துச் சொல்வாள். நான் சிரித்துக்கொண்டே ரொட்டி சுடுவேன்.

அந்த வருஷம் அவள் புருஷனுக்கு, இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லி, இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அக்காவின் அம்மாவுக்கும் தம்பிக்கும் இலங்கையிலேயே இருக்கத்தான் பதிவு. அந்த அம்மா லயத்தின் மறுகோடியில் மகனோடு இருந்தார். நான் அவரைப் பெரியம்மா என்பேன். "அவன் போறதுன்னா போகட்டும், நீ இரு" என்று மகளிடம் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. இருவருக்கும் பெரிய சண்டை. புறப்பட்ட அன்று லயமே ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய் அழுதது. பெரியம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார்.

அவள் புறப்படுமுன், மாட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று முதலில் பார்த்தோம். நாட்டுக்குப் போகிறவர்களின் சாமான் என்றால் பாதி விலைக்குத்தான் கேட்டார்கள். "நீங்க நாலு பேரும் மாட்ட வச்சிக் கட்டி முடிங்க, நானே கட்டுனதா இருக்கட்டும்" என்று அக்கா சொன்னாள். பட்டி என் சுவரோடு இருந்ததால் கறக்கிற வேலை என்னிடம் வந்தது.

மாடு எனக்குப் பால் விடவில்லை. கன்றை ஊட்டவிட்டுப் பிடித்தாலும் பாலை எக்கிக்கொண்டது. காலை உதறிச் செம்பைத் தட்டிவிட்டது. சாயங்காலமானால் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த அக்காவின் வாசலில் நின்றது. நாள் போகப் போக மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எங்கள் குழுவில் ஆப்பம் சுட்டு விற்க நினைத்திருந்த ஒருத்திதான் வழி சொன்னாள். "அவ சீலைய கட்டிக்கிட்டுப் போய்ப் பாரு புள்ள. மாட்டுக்கு வாசந்தான்."

கொழுந்தெடுக்கப் போகும்போது அக்கா கட்டி, விட்டுப்போன பழைய மலைச்சீலை என்னிடம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு மறுநாள் விடியலில் பட்டிக்குள் போனேன். மாடு மோந்து பார்த்தது. ஆனாலும் மடி இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. என்ன நினைத்தேனோ, அவளைப் போல் மூக்கால் இழுத்து, "என்னாடி, கோவமா? நா எங்க போயிட்டேன், இங்கதான இருக்கேன்" என்றேன்.

மாடு காதை நிமிர்த்தியது. பிறகு அதன் உடம்பு தளர்ந்தது. பால் செம்பில் விழுந்த சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமில்லை. அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

அப்போது வெளியே மூடுபனியில் யாரோ ஓடிவந்தார்கள்.

"மகளே! வந்திட்டியா?"

பெரியம்மா. தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினார். "நாந்தான் பெரியம்மா" என்றேன். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நான் மாட்டிடம் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார். தினமும் அப்படித்தான். பால் சென்டருக்குப் பால் போயிற்று, கடனும் இறங்கிற்று. என் புருஷன் மட்டும், "வீட்டுக்குள்ளேயும் அவ மாதிரி பேசுற. வேணாம், பயமா இருக்கு" என்றார். நான் பேசியது எனக்கே தெரியவில்லை.

மழைக்காலத்தில் செய்தி வந்தது. இந்தியாவில் திருச்சிப் பக்கம், திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் காய்ச்சல் கண்டு அக்கா இறந்துவிட்டாள். பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுததை லயமே கேட்டது. செத்தவளின் சீலையைக் கட்டி, செத்தவளின் குரலில் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் கன்று கத்தியது, மாட்டின் மடி கல்லாகக் கட்டிக்கொண்டது. போனேன். மெதுவாகத்தான் பேசினேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் புடவை உரசும் சத்தம் கேட்டது.

"ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் பெரியம்மா. என்னிடம் கேட்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "நா டேசனுக்கு வரல. எம்மேல கோவமாத்தான் போனியா?"

மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். அக்கா என்ன நினைத்துக்கொண்டு ரயில் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொல்லவுமில்லை.

"இல்லம்மா" என்றேன், அவள் இழுக்கிற மாதிரியே. "கோவமில்லம்மா."

சற்றுப் பொறுத்துப் பெரியம்மா முதல்முறையாகச் சுற்றிக்கொண்டு பட்டி வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பால் கேனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பாலைச் சென்டருக்குக் கொண்டுபோவது அவர் வேலையாயிற்று. அதற்குரிய கூலியைக் குழுவிலிருந்து கொடுத்தோம்.

அக்காவின் கடன் அவள் பேரிலேயே முடிந்தது. எனக்குத் தையல் மெஷின் வந்தது. அது வந்த அன்று சிஸ்டர் கைகொடுத்தபோது எங்கள் நாலு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது ஆளாகப் பெரியம்மாவைச் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்த கன்று பிறந்தபோது மாடு எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஒருநாள் என் சொந்தச் சீலையில் போய், வாய் திறக்காமல் கறந்து பார்த்தேன். பால் நன்றாகவே இறங்கிற்று. பட்டிக்குள் அப்படி ஒரு அமைதி.

வெளியே கேனுக்காகக் காத்திருந்த பெரியம்மா கேட்டார். "ஏன் பேசாம இருக்க?"

பேச முயன்றேன். என் குரல்தான் வந்தது. பெரியம்மா கேனை வாங்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தார்.