அடைத்த காதோடு ஹெட்போன் வாங்கப் போனேன்

நாதஸ்வரத்தைத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்பது ஐம்பது வயதில் எனக்கு வந்த ஒரே கெட்ட ஆசை. வயர் இல்லாத, காதை முழுதாக மூடும் உயர்ரக ஹெட்போன் வாங்க, லேசான ஜலதோஷத்தோடு, மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூரில் மனைவியுடன் பஸ் ஏறினேன்.

வாணியம்பாடியில் இறங்கி நேராகக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார பாய் தந்த முதல் ஹெட்போன் பஞ்சுபோல் இருந்தது, மூக்குக்கண்ணாடியையும் அழுத்தவில்லை. ஆனால் நாதஸ்வரம் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. அடுத்தடுத்து மாட்டியவையும் அப்படியே. தலையை இடுக்கிபோல் கவ்வி அதிரவைத்த, இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றுதான் காதில் விழுந்தது. "இதையே பில் போடுங்க பாய்" என்றேன்.

காத்திருக்கையில் பெரிய கொட்டாவி வந்தது. டப்பென்று இரண்டு காதும் திறந்தன. மலை இறங்கினால் காது அடைக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். நான் மட்டும் அடைத்த காதோடு ஹெட்போன்களை ஃபெயிலாக்கியிருக்கிறேன்!

"பில்லை நிறுத்துங்க பாய். எல்லாத்தையும் மறுபடி எடுங்க."

"இன்னா சார், இப்பதானே கேட்டீங்க?"

"அப்ப நான் மட்டும்தான் வந்திருந்தேன். காது இப்பதான் வந்து சேந்துது."

"காது குத்தறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாதுங்க. வூட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள் மனைவி.

நான் அசையவில்லை. பாய் முறைக்க முறைக்க, முதல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தேன். வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதையே வாங்கினேன்.

இப்போதெல்லாம் கீழே போய் எதைக் கேட்டு வாங்குவதானாலும், கடை வாசலிலேயே நின்று வாய் பிளந்து கொட்டாவி விடுகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மாட்டிக்கொள்ளப் போவது என் காது.