டீசல் எஞ்சினும் ஒரு பென்சிலும்

இன்று காலை என் பழைய அம்பாசிடரைத் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப் போனேன். விபத்தில் நொறுங்கிய ஒரு புது ஜீப்பின் டீசல் எஞ்சினை வாங்கி, கும்மிடிப்பூண்டியில் ஒரு மெக்கானிக்கை வைத்து மூன்று மாதம் வேலை செய்து காரில் ஏற்றியிருக்கிறேன். எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகாவிட்டால் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தாளும் பென்சிலும் நீட்டினார். எஞ்சினில் வெட்டியிருக்கும் நம்பர்மேல் தாளை வைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

நம்பர் எஞ்சின் அறையின் பின்பக்கத் தகரத்தை ஒட்டி இருந்தது. விரல்கூட நுழையவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்த நான் அதை யோசிக்கவேயில்லை.

"கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிறது, சார். ஏற்றவே மூன்று மாதம் ஆயிற்று" என்றேன்.

"கண்ணாடிய ஃபைல்ல கோக்க முடியுமா பெரியவரே? எஞ்சின இறக்கித் தேச்சி எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி இங்கியே நிக்கட்டும்."

பக்கத்தில் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, ஆள் பிடித்துக்கொண்டிருந்த புரோக்கர் சிரித்தார். "இன்னும் மூணு மாசமா? அதுக்குள்ள பெருசுக்கே எஃப்.சி. முடிஞ்சிடும், சார்."

மெக்கானிக் ஜிலானிக்குப் போன் செய்தேன்.

"ஏத்தும்போதே பாத்துக்கினுதான் இருந்தேன் சார். சொல்ல வாயெடுத்தேன். 'நான் படிச்சவன், சொன்னத மட்டும் செய்'னீங்க. செஞ்சேன்."

வாழ்நாளில் நான் அதட்டிப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். அவர் பதிலில் ஏதாவது தப்பு தெரிந்தால் கீழே எழுதுங்கள். எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.